முட்டை வைத்த போன்களும் மூன்றாவது பொத்தானும்

எங்கள் கருங்கல்புதூரில் கோழிகள் லட்சக்கணக்கில் உண்டு, சேவல் ஒன்றுகூடக் கிடையாது. நாமக்கல்லைச் சுற்றியிருக்கிற பண்ணை ஊர்களில் இது அதிசயமில்லை, முட்டை வைக்கிற கோழிக்குச் சேவல் எதற்கு என்று எங்கள் ஊர்க் குழந்தையும் கேட்கும், வெளியூரிலிருந்து ஒருநாள் குஞ்சுகளாக அட்டைப்பெட்டியில் வந்து இறங்கி, கூண்டில் வளர்ந்து, கூண்டிலேயே முட்டை வைத்து, வைப்பது நின்றதும் லாரியேறிப் போய்விடுகிற அந்தக் கோழிகளுக்கும் எங்களுக்கும் நடுவே முட்டையைத் தவிர வேறு பேச்சு இருந்ததில்லை. வீட்டில் நாட்டுக்கோழி வளர்த்தால் பண்ணைக்குச் சீக்கு வரும் என்று ஊர்க்கட்டுப்பாடு வேறு. ஆகவே பண்ணைகள் வந்த பிறகு எங்கள் ஊர் சேவல் கூவி விடிந்ததே இல்லை. தீவன மில்லின் மோட்டார் சத்தத்தில் விடிந்தது. அந்த மோட்டாரைப் போடுகிறவன் நான்.

அப்படிப்பட்ட ஊரில், சித்திரை மழை ஒன்று ஆலங்கட்டியோடு பெய்து ஓய்ந்த ஒரு மத்தியானம், இளவட்டங்களின் செல்போன்கள் முட்டை வைக்க ஆரம்பித்தன.

முதல் முட்டையை நான் பார்த்தது என் மகன் மிதுன்ராஜின் கையில். கட்டிலில் குப்புறப் படுத்துப் போனில் சுட்டு விளையாடிக்கொண்டிருந்தவன், "அப்பா, போன் கொதிக்குதுப்பா" என்றான். போன் ஒரு நடுக்கம் நடுங்கியது, பிறகு புள்ளி போட்ட சின்ன முட்டை ஒன்று போர்வையில் உருண்டது. என் மனைவி கமலவேணி அடுப்படியிலிருந்து வந்து அதைக் கையில் எடுத்துப் பார்த்து, "காடை முட்டை சைஸுதான் இருக்குது, ஓடு மட்டும் நல்லாக் கெட்டி" என்று சொல்லி, பிரிட்ஜில் முட்டைக் குழியில் வைத்துவிட்டுப் போய்க் குழம்பைக் கிளறினாள். அவ்வளவுதான். சார்ஜ் போடுகிற அந்தச் சின்ன ஓட்டை வழியாக முட்டை எப்படி வரும் என்று பிற்பாடு வெளியூர்க்காரர்கள் கேட்டார்கள். அவர்கள் கோழி முட்டையிடுவதைப் பக்கத்தில் நின்று பார்க்காதவர்கள்.

எங்கள் வயசுக்காரர்களின் போன்கள் வைக்கவில்லை. அதிலும் யாருக்கும் வருத்தமில்லை, முட்டை வைக்கிற பருவம் என்று ஒன்று உண்டு, அது தாண்டிப்போனதை என்ன குலுக்கினாலும் வராது என்பது எங்களுக்குத் தொழிலிலேயே தெரியும். ஆனாலும் தனியாக இருந்தபோது என் போனை ஒருமுறை குலுக்கிப் பார்த்தேன்.

ஒரு வாரத்துக்குள் ஊர் வேலையை ஆரம்பித்துவிட்டது. கோழி வைத்தாலென்ன, போன் வைத்தாலென்ன, முட்டை என்றால் தரம் பிரிக்க வேண்டும். பிரிப்பதற்கு வையாபுரியின் கொட்டகை இருந்தது. வையாபுரி எனக்குப் பங்காளி முறை, பக்கத்து வீடு, ஊரில் பெரிய பண்ணை அவருடையது. கொட்டகை நடுவில் ஓட்டை போட்ட மரப்பெட்டி ஒன்று இருக்கும், உள்ளே விளக்கு எரியும், ஓட்டையில் முட்டையை வைத்தால் உள்ளிருப்பது நிழலாகத் தெரியும். மஞ்சள் கரு மிதந்தால் நல்ல முட்டை. உள்ளே ஒரேயடியாகக் கறுத்திருந்தால் கூமுட்டை, பக்கத்திலிருக்கிற வாளிக்குள் எறிய வேண்டும். முட்டையைப் பார்த்து மனிதர்களைப் படிக்கிற வித்தை இதனால்தான் எங்களுக்கு வந்தது, அல்லது வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டோம்.

அதுவரை எங்களுக்கு எல்லாப் பிள்ளைகளும் ஒன்று. "எந்நேரமும் போனையே நோண்டுதுக" என்ற ஒரே வாக்கியத்துக்குள் ஊரின் மொத்த இளமையையும் அடைத்து வைத்திருந்தோம். முட்டை வந்த பிறகுதான் ஒருத்தன் நோண்டுவது போல இன்னொருத்தி நோண்டவில்லை என்பது தெரிந்தது. விளையாடுகிற பையன்களுடையது மிதுனுடையதைப் போலச் சின்னதாய், புள்ளி போட்டு, கல் மாதிரி இருந்தது. ஆடிப் பாடி வீடியோ போடுகிற பிள்ளைகளுடையது பெரிது, தங்க நிறம், ஓடு மட்டும் அப்பளம் போல மெல்லிசு. அதில் முதலிடம் பால் சொசைட்டிக்காரர் மகள் ரக்‌ஷனாவுக்கு, அவள் முட்டையை இரண்டு கையால்தான் தூக்க வேண்டும். ஓயாமல் யாரோடோ பேசி எழுதிக்கொண்டிருக்கிறவர்களுக்கு இரட்டைக் கரு. ஒன்றும் செய்யாமல் ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டே போகிறவர்களுக்கு ஓடே இல்லாத தோல் முட்டை, கையில் எடுத்தால் நழுவும். யாரையாவது திட்டிக் கமெண்ட் போடுகிறவர்களின் முட்டை அட்டையில் வைத்த கொஞ்ச நேரத்தில் தானாக வெடித்தது. அவற்றைத் தனி அறையில் வைத்தோம்.

தின்னவும் செய்தோம். முட்டையை வேறென்ன செய்வது?

மிதுனின் முட்டையை ஆம்லெட் போட்டுத் தின்ற மறுநாள் நான் தீவன மூட்டைகளுக்கு நடுவே நடந்து போகையில் காரணமில்லாமல் குனிந்து ஒரு மூட்டைக்குப் பின்னால் பதுங்கினேன், பதுங்கியவன் எதிரே வந்த லாரிக்காரரைப் பார்த்து "பின்னாடி பாரு, பின்னாடி பாரு!" என்று கத்தினேன், அவரும் அதே முட்டையில் ஒரு வாய் தின்றவர் போலிருக்கிறது, தரையில் விழுந்து உருண்டார். ரக்‌ஷனாவின் முட்டைப் பொரியலைச் சாப்பிட்ட தபால்காரர் பஸ் நிறுத்தத்தில் இடுப்பை வளைத்து இரண்டு சுற்றுச் சுற்றி, கன்னத்தில் விரல் வைத்து நின்று, பிறகு பையைத் தூக்கிக்கொண்டு ஒன்றும் நடக்காதது போல் போனார். இரட்டைக் கரு தின்ற புருஷன் பெண்டாட்டிகள் "ம்", "அப்புறம்", "சரி", "நீ சொல்லு" என்று விடிய விடியப் பேசினார்கள், கல்யாணமான இருபது வருஷத்தில் அந்த அளவு பேசியதில்லை என்று ஒருத்தர் என்னிடம் வெட்கத்தோடு சொன்னார். தோல் முட்டை தின்றவர்கள் மட்டும் சாப்பிட்ட இடத்திலேயே உட்கார்ந்து எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மீந்ததை எல்லாம் வையாபுரியின் குளிரறையில் அடுக்கினோம். வீட்டுக்கு வீடு பேச்சு மாறியது. முன்பு "போனைக் கீழ வெய்யுடா" என்று அதட்டிய தாய்மார்கள் இப்போது பையன் தூங்கப் போனால், "சித்த நேரம் விளையாடீட்டுப் படு சாமி, இன்னைக்கு இன்னும் வைக்கல" என்று கெஞ்சினார்கள். தண்ணிக் குழாயடியில், "உன்ற பையன் முட்டை என்னமோ நம்ம பையனோடதுல பாதிதான் இருக்குது" என்று ஒருத்தி சொல்ல, "சின்னதா இருந்தாலும் வெடிக்காது பாரு" என்று மற்றவள் பதில் சொல்ல, இரண்டு குடங்கள் நசுங்கின.

எல்லார் வீட்டிலும் அட்டை நிறைந்துகொண்டிருந்தபோது வையாபுரியின் வீட்டில் மட்டும் ஒன்றுமில்லை. அவருக்கு ஒரே மகள், சஷ்டிகா, பன்னிரண்டாவது முடித்துக் கோயம்புத்தூர்க் காலேஜில் இடம் வாங்கி வைத்திருந்தாள். ஊருக்கே முட்டை பிரிக்கிறவர் மகளின் போன் முட்டை வைக்கவில்லை என்பது, வைத்தியர் வீட்டில் தீராத இருமல் மாதிரி, எல்லாருக்கும் கேட்டுக்கொண்டேயிருந்தது.

"நாளெல்லாம் அந்தப் போனை மடியில வெச்சுக்கிட்டு அடைக்கோழியாட்ட மூலையில உக்காந்திருக்கா, ஆனா ஒரு முட்டையக் காணோம்" என்று அவள் அம்மா பூங்கொடி என் மனைவியிடம் அலுத்துக்கொண்டாள். இருவரும் சிரித்தார்கள். நானும் கேட்டேன், நானும் சிரித்தேன். முட்டை பற்றி எல்லாம் தெரிந்த மூன்று பேர் அந்த வார்த்தையை அன்றைக்கு அப்படியே நடந்துபோக விட்டோம்.

சஷ்டிகா மூலையில் உட்கார்ந்து என்ன செய்தாள் என்பதை அவளே பிற்பாடு கமலவேணியிடம் சொன்னாள். கண் தெரியாதவர்களுக்குக் கண்ணைக் கடன் கொடுக்கிற ஒரு ஆப் இருக்கிறதாம். எங்கேயோ இருக்கிற ஒருவர், கையிலிருக்கிற மாத்திரை எது, வந்து நிற்கிற பஸ் எந்த ஊர், அடுப்பில் பால் பொங்கிவிட்டதா என்று பார்க்க ஆள் தேவைப்பட்டால் அதில் அழைப்பார். யாருக்குப் போகும் என்று யாருக்கும் தெரியாது, எடுக்கிறவர் அவருடைய போன் வழியாகப் பார்த்துச் சொல்ல வேண்டும். சஷ்டிகா அதில் சேர்ந்திருந்தாள். மற்றவர்கள் போனில் எதையாவது செய்தார்கள், இவள் பெரும்பாலும் காத்திருந்தாள். ஆலங்கட்டி மழை ஓய்ந்த அந்த மத்தியானம், தெற்கே ஏதோ ஊரில் ஓர் அம்மாவுக்கு இரண்டு மாத்திரை அட்டைகளில் பிரஷர் மாத்திரை எதுவென்று சொல்லிக்கொண்டிருந்தபோது இவள் போனும் முட்டை வைத்தது.

"என்ன பிள்ளே, எதுவோ விழுந்த சத்தம்?" என்றாராம் அந்த அம்மா.

"முட்டைங்கம்மா."

"உடைஞ்சு போச்சா?"

"இல்லீங்க, மடியிலதான் விழுந்துச்சு."

"அப்ப எடுத்து வைக்கிற வேலைய பாரு, நான் பொறவு கூப்பிடுதேன்."

"நீங்க மாத்திரையப் போடுங்கம்மா, அது கிடக்கட்டும்" என்று சொல்லி, சஷ்டிகா அதைத் துப்பட்டாவில் சுற்றி மடியிலேயே வைத்துக்கொண்டாள். அந்த அம்மா தண்ணீர் தேடி, செம்பு தேடி, மாத்திரையைப் போட்டு முடிப்பதற்குள் முட்டை அவள் சூட்டுக்குப் பழகிவிட்டது, அல்லது அவள் முட்டையின் சூட்டுக்குப் பழகிவிட்டாள். கொட்டகைக்குக் கொண்டுபோகத் தோன்றவில்லை. அதன்மேல் போனை வைத்துக்கொண்டு அடுத்த அழைப்புக்குக் காத்திருந்தாள். அதன் பிறகு அந்தப் போன் முட்டை வைக்கவேயில்லை.

இதையெல்லாம் அவள் அப்போதே வீட்டில் சொல்லியிருக்கலாம். சொல்லாததற்குக் காரணம் ஒரு கட்டுப்பாடு. அடுத்தவர் வீட்டு அலங்கோலத்தை, அழுக்குத் துணியை, மருந்து டப்பாவை எல்லாம் பார்த்துவிட்டு வருகிறவள், பார்த்ததை யாரிடமும் சொல்லக் கூடாது. ஊரில் எந்த வீட்டில் என்ன குழம்பு என்று வாசனையிலேயே கண்டுபிடித்து அடுத்த தெருவில் சொல்கிற எங்களுக்கு நடுவே, இப்படி ஒரு கட்டுப்பாட்டைக் காப்பாற்ற ஒரே வழி வாயைத் திறக்காமலிருப்பது.

பூங்கொடியின் தம்பி சென்னிமலை முட்டை வேன் ஓட்டுகிறவன், அரை டஜன் ஊர்ப் பேச்சையும் சேர்த்து ஏற்றி வருகிறவன். அவன்தான் முதலில் சொன்னான்.

"மாமா, கோபிச்சுக்காதீங்க. தீவனம் திங்குது, முட்டை வைக்கல, அப்படிப்பட்ட கோழிய என்ன பண்ணுவோம்?"

"கழிச்சிருவோம்."

"மாசாமாசம் ரீசார்ஜ் போடறீங்க, முட்டையில்ல. ஒண்ணு, போன் கழிசல். இல்லாட்டி அம்மிணி முட்டைய ஒளிக்குது. ஒளிக்கிற முட்டைன்னா அதுல யாரோ ஒருத்தன் இருக்கான் மாமா."

வையாபுரி அன்று சாயங்காலம் மகளுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவே ஒற்றைச் சுவர்தான். நான் காதைப் பொத்திக்கொள்ளவில்லை.

"போனுக்குக் காத்திருக்கறயா அம்மிணி?"

"ஆமாங்கப்பா."

"யாரு போனுக்கு?"

"யாருன்னு எனக்கே தெரியாதுங்கப்பா."

"தெரியாதவங்களுக்கா காத்திருக்கற?"

"ஆமாங்கப்பா."

"தெரியாத ஆளு, பொம்பளையா, ஆம்பளையா?"

"கூப்பிட்டாத்தானுங்கப்பா தெரியும்."

ஒவ்வொரு பதிலும் உண்மை, ஒவ்வொன்றும் முந்தியதைவிட மோசம். வையாபுரி எழுந்தார். "ஞாயித்துக்கிழமை கொட்டகைக்குப் போனக் கொண்டா. ஊருக்கு ஒரு நாயம், என்ற மகளுக்கு ஒரு நாயம் கெடையாது. போனில்லாத புள்ளைய அந்நிய ஊர்ல ஹாஸ்டல்ல விட முடியாது, கோயம்புத்தூரும் வேண்டாம். மத்ததை உங்க மாமன் பார்த்துச் சொல்லுவான்." மற்றது என்றால் மாப்பிள்ளை என்பது சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கே விளங்கியது. அவள் அழுதால் கேட்டிருக்கும். ஒரு சத்தமும் இல்லை. மடியில் இருந்ததை அசைக்காமல் உட்கார்ந்திருந்திருக்கிறாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமையோடு முட்டை வைக்காத போன்களையெல்லாம் வாங்கிச் சாக்கில் கட்டிப்போட்டுவிடுவதென்று ஊர் முடிவு செய்திருந்தது. அப்படிப்பட்டவை ஊரில் நாலைந்துதான். காலையில் இட்லி தின்றுவிட்டு எல்லாரும் கொட்டகைக்கு வந்தோம், வேடிக்கைக்கு ரக்‌ஷனா வந்தாள், என்னோடு மிதுன் வந்தான், அவன் நடந்தபடியே விளையாடி வாசலில் ஒரு முட்டை வைத்தான், ஆளுக்காள் தட்டிக் கொடுத்தார்கள்.

சஷ்டிகா போனை ஒரு கையில் பிடித்து, மறு கையால் துப்பட்டா முடிச்சை வயிற்றோடு அணைத்து நின்றாள். அவள் நின்ற விதத்தைப் பார்த்துச் சென்னிமலைக்கு மூக்கு வேர்த்தது. "முடிச்சுல என்ன அம்மிணி?"

"ஒண்ணுமில்லீங்க மாமா."

வையாபுரி கையை நீட்டினார். அவள் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள், முடிச்சை அவிழ்த்தாள். வெள்ளையுமில்லாத, தங்கமுமில்லாத, மண்ணைப் போன்ற நிறத்தில் ஒரு முட்டை. கொட்டகையே கழுத்தை நீட்டியது.

"நான் சொல்லல?" என்றான் சென்னிமலை. "எத்தனை நாள் முட்டையோ!"

"மூணு வாரமாச்சுங்க மாமா" என்றாள் அவள்.

வையாபுரி முட்டையை விளக்குப் பெட்டியின் ஓட்டையில் வைத்தார். நாங்கள் எல்லாரும் குனிந்தோம். மஞ்சள் கரு இல்லை, வெளிச்சமும் இல்லை. ஒரு முனையில் நகக்கண் அளவு வெளுப்பைத் தவிர, உள்ளே முழுக்க இருட்டு.

"கூமுட்டை" என்றார் ஒருத்தர். "கூமுட்டைதான்" என்று கொட்டகை முழுக்கச் சொன்னது. முப்பது வருஷம் முட்டையோடு புழங்கியவர்கள், ஒரு குரலில், ஒரு சந்தேகமும் இல்லாமல். நானும் சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன். சின்ன வயதில், பண்ணைகள் வருவதற்கு முன், எங்கள் வீட்டிலும் நாட்டுக்கோழி இருந்தது, கூடைக்கடியில் அது உட்கார்ந்திருந்ததும் உண்டு. எப்போது அதை மறந்தேன் என்று யோசித்தால், மறந்த நாள் மட்டும் நினைவுக்கு வருவதில்லை.

வையாபுரி முட்டையை எடுத்து வாளிப் பக்கம் கையை ஓங்கினார்.

அப்போது சஷ்டிகாவின் போன் அடித்தது.

"எடுக்காதே" என்றார் வையாபுரி.

"எடுக்கணுங்கப்பா. என்ன அவசரமோ" என்று அவள் எடுத்துவிட்டாள்.

"ஹலோ, யாருங்க இருக்கீங்க?" என்று ஓர் ஆண் குரல் கேட்டது. இளவயதுக் குரல். சென்னிமலை தொடையில் தட்டிக்கொண்டு எங்களையெல்லாம் ஒரு சுற்றுப் பார்த்தான். பூங்கொடி வாயில் முந்தானையை வைத்தாள். ஓங்கிய கை ஓங்கியபடி வையாபுரி நின்றார், விரல்கள் முட்டையைச் சுற்றி இறுகின.

"நான் சஷ்டிகா பேசறனுங்க. சொல்லுங்கண்ணா. ஆனா ஒண்ணு, இப்ப எங்கூரே என்னைச் சுத்தி நிக்குது, நீங்க பேசறது எல்லாருக்கும் கேக்கும், காட்டறது தெரியும். வேண்டாம்னா வேற ஆளுக்குப் போட்டுக்கங்க."

"ஊரேவா? அட, நல்லதாப் போச்சுங்க. நாலு பேரு பாத்தாத்தான் சரியா இருக்கும். நான் ஞானதுரை, அறந்தாங்கிப் பக்கம். எனக்குக் கண்ணு தெரியாது. அம்மாவும் அண்ணனும் முன்னாடியே கிளம்பிட்டாக, நான் பின்னாடி ஆட்டோவுல போகணும், பொண்ணு பாக்க. சட்டையை நானே போட்டுக்கிட்டேன். சரியா இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க."

போனைத் தள்ளிப் பிடித்து அவர் தன்னைக் காட்டினார், முதலில் ஒரு காது, பிறகு சுவர்க் காலண்டர், பிறகு மார்பு.

"இன்னுங் கொஞ்சம் கீழ இறக்குங்கண்ணா. ஆங், அங்கியே நிறுத்துங்க. மூணாவது பொத்தானை விட்டுட்டு நாலாவதைப் போட்டிருக்கீங்க."

"அப்புடியா? இப்ப?"

"சரியாயிருச்சு. காலர்ல சட்னி இருக்குது."

"தேங்காயா, தக்காளியா?"

"தக்காளிங்கண்ணா."

"அப்ப போச்சு" என்றாள் பூங்கொடி, முந்தானையை வாயிலிருந்து எடுத்து. "தம்பி, தக்காளிக் கறை போகாது, சட்டைய மாத்து சாமி. வெள்ளை இருக்குதா?"

"வெள்ளை வேண்டாங்கக்கா, பொண்ணு பாக்கப் போறப்ப வெள்ளை அரசியல்வாதி மாதிரி இருக்கும்" என்றாள் ரக்‌ஷனா. "நீலம் போடச் சொல்லுங்க. வெளிச்சத்துக்கு நேரா நில்லுங்கண்ணா, முகத்துல நிழல் விழுது."

"பொண்ணு என்ன படிச்சிருக்குது?" என்றார் பால் சொசைட்டிக்காரர்.

"இதுல எது நீலம்?" என்று ஞானதுரை ஒவ்வொரு சட்டையாகத் தூக்கிக் காட்ட, "இது பச்சை", "இதுவும் பச்சை, ஆனா வேற பச்சை", "இதுதான் நீலம், இதையே போடு" என்று ஊர் கத்தியது. அவர் போனைச் சாய்த்து வைத்துவிட்டு, எங்களுக்கு முதுகைத் திருப்பிக்கொண்டு சட்டை மாற்றினார். மிதுன் என் பக்கத்தில் நின்று, "லெஃப்ட்ல சீப்பு இருக்குதுண்ணா, டேபிள் ஓரத்துல, லெஃப்ட், இன்னும் லெஃப்ட், அங்கதான்!" என்றான். விளையாட்டில் கூட்டாளிகளுக்கு வழி சொல்கிற அதே குரல். அதை இத்தனை நாள் நான் வெறும் கத்தல் என்று வைத்திருந்தேன்.

தலை சீவியபடியே ஞானதுரை ஒரு கணம் நின்று காதைச் சாய்த்தார்.

"ஏங்க, அங்க என்னமோ கொத்துற சத்தம் கேக்குதே?"

எங்களுக்குக் கேட்கவில்லை. எங்களைச் சுற்றி எந்நேரமும் லட்சம் கோழிகள் கொக்கரிக்கின்றன. ஆனால் வையாபுரிக்கு அது கையில் தெரிந்தது. ஓங்கிய கையை அவர் மெல்லக் கீழே இறக்கி விரல்களை விரித்தார். முட்டையில் ஒரு கீறல், கீறலில் ஒரு புள்ளி, புள்ளியில் ஒரு மூக்கு.

அட்டை அட்டையாக, லாரி லாரியாக, மலை மலையாக முட்டையைப் பார்த்தவர்கள், ஒரு முட்டை உள்ளிருந்து உடைவதை முதல் தடவை பார்ப்பது போலப் பார்த்தோம். அது பாட்டுக்கு, அவசரமில்லாமல், ஒரு சுற்று கொத்தி, இளைப்பாறி, மறுபடி கொத்தி, ஓட்டின் மேல்பாதியை மூடி போலத் தள்ளிவிட்டு, ஈரமாய் நடுங்கிக்கொண்டு வையாபுரியின் உள்ளங்கையில் எழுந்து நின்று, அவர் முகத்தை நேராகப் பார்த்தது.

"என்னங்க ஆச்சு? யாருமே பேச மாட்டேங்கிறீக?" என்றார் ஞானதுரை.

"குஞ்சு பொரிச்சிருக்குதுங்கண்ணா."

"அட! நல்ல சகுனந்தான் போங்க. அப்ப நான் கிளம்புறேன்."

"பொத்தான்?" என்று கேட்டது சஷ்டிகா அல்ல, வையாபுரி. "மூணாவது பொத்தானப் போட்டாச்சான்னு பாரு அம்மிணி."

"போட்டிருக்காருங்கப்பா."

"அடை உக்காந்த கோழி முட்டை வைக்காதே" என்று பூங்கொடி தனக்குத்தானே சொல்வதுபோல மெதுவாகச் சொன்னாள். "நானே சொன்னேன், என்ற வாயாலயே சொன்னேன், பாரு."

போன்களைக் கட்டிப்போடுகிற பேச்சை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை. அதற்கு நேரமும் இல்லை, ஊர் மொத்தமும் குளிரறைக்கு ஓடிற்று. எங்கள் பிள்ளைகளின் முட்டைகளை அளவு பார்த்து, நிறம் பார்த்து, பெருமையும் பட்டு, கடைசியில் கொண்டுபோய்ப் பனியில் அடுக்கி வைத்திருந்தோமே. அவரவர் அட்டையை அவரவர் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்கள். அடுத்த மூன்று வாரம் எங்கள் ஊருக்கு வந்திருந்தீர்களானால், ஆண்கள் வேட்டி மடிப்பில் முட்டையைக் கட்டிக்கொண்டு கால் அகட்டி நடந்ததையும், பால் சொசைட்டிக்காரர் தங்க முட்டையை மடியில் வைத்தபடி பால் ஊற்றியதையும், வெடிக்கிற முட்டைகளை அடைகாக்க முன்வந்த தாய்மார்கள் தலையில் ஹெல்மெட் போட்டு உட்கார்ந்திருந்ததையும் பார்த்திருக்கலாம். அடைகாக்கிறவர்களுக்கு வேறு வேலையில்லை, ஆகவே முட்டைக்காரப் பிள்ளையைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்து, "இது எப்படி வந்தது, அன்னைக்கு நீ போன்ல என்ன பண்ணிக்கிட்டிருந்தே?" என்று கேட்டார்கள்.

நானும் கேட்டேன். ஊரில் நாலு பேருக்கு முன்னால் பேசத் திக்குகிற என் மகன், பாட்னாவிலும் திப்ருகரிலும் இருக்கிற மூன்று பையன்களுக்கு விளையாட்டில் தலைவன் என்றும், அவர்களோடு இந்தியில் திக்காமல் பேசுகிறான் என்றும் அப்போதுதான் தெரிந்தது. புள்ளி முட்டைகளை மோட்டார் அறையில், சூடு படுகிற இடத்தில் சாக்கு விரித்து வைத்தேன். அவை பொரிக்கவில்லை. யாருடையதும் பொரிக்கவில்லை. குளிரில் அவ்வளவு நாள் கிடந்தவற்றுக்கு என்ன ஆகியிருக்குமோ, எங்கள் சூடு போதவில்லையோ, அல்லது எல்லா முட்டையும் பொரிக்கத்தான் வேண்டும் என்று நினைத்ததே தப்போ, எனக்குத் தெரியவில்லை. ஆடிக்காற்று ஆரம்பித்ததும் போன்கள் முட்டை வைப்பதை நிறுத்திவிட்டன. ஒரே ஒரு புள்ளி முட்டையை இன்னும் மோட்டார் பக்கத்தில் வைத்திருக்கிறேன். மிதுன் எப்போதாவது வந்து தொட்டுப் பார்ப்பான்.

வையாபுரியின் பாடுதான் வேடிக்கை. பிறந்ததும் பார்த்த முகம் அவர் முகம் என்பதால் குஞ்சு அவரை விட்டு நகரவில்லை. பண்ணைக்குப் போனால் பின்னால், கல்யாண வீட்டுக்குப் போனால் பின்னால், சீக்கு பரவும் என்று கட்டுப்பாடு எழுதியவரின் பின்னாலேயே அது தத்தித் தத்திப் போனது. சஷ்டிகாவின் போன்மேல் உட்கார்ந்தால்தான் அது தூங்கும். ஆகவே சாயங்காலமானால் அவர் குஞ்சைக் கொண்டுவந்து மகள் பக்கத்தில் உட்கார்ந்தாக வேண்டும். போன் அடித்தால் குஞ்சைத் தூக்கிக்கொண்டு எழுந்து வெளியே போய்விடுவார், பேசி முடித்ததும்தான் உள்ளே வருவார். "அடுத்தவங்க வூட்டைப் பாக்கறது தப்பு" என்பார். ஞானதுரைக்குப் பெண் பிடித்ததா என்று மட்டும் கேட்டுச் சொல்லச் சொன்னார். யார் அழைப்பு யாருக்குப் போகும் என்று தெரியாது, கேட்க வழியில்லை என்றாள் அவள். அவருக்கு அது மிகுந்த மனக்குறை.

ஆனி மாதம் சஷ்டிகா கோயம்புத்தூர் பஸ் ஏறினாள், போனோடு. சென்னிமலைதான் பெட்டியைத் தூக்கி மேலே போட்டான்.

புரட்டாசி கடைசியில் ஒருநாள் நான் மில்லுக்குக் கிளம்புகிறேன், கிழக்கு இன்னும் வெளுக்கவில்லை, வையாபுரி வீட்டுக் கூரையிலிருந்து ஒரு சத்தம் எழுந்தது. குஞ்சு வளர்ந்து சேவலாகியிருந்தது. முதல் கூவல் பாதியில் உடைந்தது, இரண்டாவது நீண்டது. எங்கள் ஊரின் அத்தனை கூண்டுகளிலும் அத்தனை கோழிகளும், சேவல் என்ற ஒன்றைக் கேட்டேயிராத கோழிகள், ஒரே சமயத்தில் பேச்சை நிறுத்திக் கழுத்தைத் திருப்பின. அந்த அமைதியில் நான் மோட்டார் போடப் போவதை மறந்து நின்றேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் வையாபுரியின் குரல் கேட்டது. மகளுக்கு வீடியோ போட்டிருந்தார்.

"அம்மிணி, முழிச்சிருந்தயா? பண்ணைக்குக் கிளம்பறேன். சட்டை சரியா இருக்குதா பாரு."

நான் சுவரின் மேலாக எட்டிப் பார்த்தேன். கண்ணாடி போடாமலே ஊசியில் நூல் கோர்க்கிறவர் வையாபுரி. மார்பைப் போனுக்கு நேராகக் காட்டிக்கொண்டு, சிரிப்பை அடக்கி நின்றார்.

மூன்றாவது பொத்தான் திறந்திருந்தது.